துடிப்பு இறங்கும்வரை உடனிருந்த பிலோமினா சிஸ்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை சாலாக் செலாத்தான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் ஸ்கேன் மையத்தின் கவுண்டரில் வேலை செய்யும் ஷீலா பேசினாள். "அங்கிள், பிலோ சிஸ்டர் இறந்துட்டாங்க. டெங்கிக் காய்ச்சல்" என்றாள். மீன்காரர் செதில் சீவிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. இந்த வயதில் எந்தச் சாவுச் செய்தியும் முதலில் அலுப்பாகத்தான் வந்து சேர்கிறது. துக்கம் அதன்பிறகு மெதுவாக வருகிறது.

பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் மையத்துக்கு வந்து இதய ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. என்னைத்தான் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து இயந்திரத்தை ஓட்டுகிறவன் நான். "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று ஒலிபெருக்கியில் வந்த குரல் என்னுடையது. உங்கள் பக்கத்தில் நின்று தோளைத் தட்டிக் கொடுத்த நர்ஸ்தான் பிலோமினா சிஸ்டர். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கப் பெண். ஆள் குட்டை, குரல் பெரிது. பல ஆண்டுகள் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே வேலை செய்திருக்கிறேன். இப்போது அந்த அறையில் குளிர்சாதனம் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது.

இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று, நெஞ்சு வலி வருவதற்கு முன்பே பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. ஆனால் இதயம் வேகமாகத் துடித்தால் படம் கலங்கிவிடும். அதனால் துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை கொடுத்து உட்கார வைப்போம். பயந்துபோய் வருகிறவர்களுக்கு மாத்திரை மட்டும் போதாது, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்தக் காத்திருப்பு நேரம் முழுவதும் சிஸ்டரின் ராஜ்யம்.

கிள்ளானிலிருந்து வந்த லோரி முதலாளி ஒருவரை மறக்க முடியாது. மாத்திரை கொடுத்தும் துடிப்பு நூறை விட்டு இறங்கவே இல்லை.

"காப்பி ஏதாச்சும் குடிச்சீங்களா அண்ணே?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ஐயோ, தொடவே இல்லை சிஸ்டர். நீங்கதான் குடிக்கக் கூடாதுன்னு மெசேஜ் அனுப்பியிருந்தீங்களே."

"வேற என்ன குடிச்சீங்க?"

"தே தாரேக்தான். கீழ மாமாக் கடையில ரெண்டு கிளாஸ். கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்னு."

தேநீரும் காப்பியைப் போலவே துடிப்பை ஏற்றிவிடும். எனக்கு வந்த கோபத்தில் அவரைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அந்த வாரத்தில் மட்டும் அவரைப் போல எத்தனையோ பேர் வந்திருந்தார்கள். சிஸ்டர் என்னைத்தான் முறைத்தார். "காப்பின்னு மட்டும் எழுதி அனுப்பினது யாரு? நாமதானே மணியம்? நம்ம ஆளுங்களுக்குத் தேத்தண்ணியும் தண்ணிதான்லா." அன்றிலிருந்து, மறுநாள் வரவேண்டிய ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அவரே போன் செய்யத் தொடங்கினார். காப்பி, தே, மைலோ, கோலா எதுவும் கூடாது, வெறும் தண்ணீர் மட்டும் என்று குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொல்வார். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் செய்த வேலை அது. யாரும் அவரிடம் செய்யச் சொல்லவில்லை.

காத்திருப்பவர்களிடம் எதைப் பேசுவது என்பதிலும் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. "மகனைப் பத்திக் கேட்கவே கூடாது, சர்ருன்னு ஏறிடும். மீனைப் பத்திக் கேளுங்க, இறங்கும்" என்பார். நான் நம்பவில்லை. ஒருநாள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் திரையில் எண் எகிறியது. சிஸ்டர் மெல்லப் பேச்சைத் திருப்பி, சுறாப்புட்டுக்கு எவ்வளவு பூண்டு போடுவது என்று கேட்டார். ஆசிரியர் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அவர் இஞ்சிக்கு வருவதற்குள் துடிப்பு இறங்கிவிட்டது. சிஸ்டர் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார்.

எல்லோரையும் பிடித்து இழுத்து ஸ்கேன் எடுக்க வைத்தவர் என்று யாராவது நினைத்தால் அது தவறு. இணையத்தில் வீடியோ பார்த்துப் பயந்து வந்த ஓர் இளைஞனை, "உனக்கு இது இப்ப வேணாம்யா. முதல்ல அந்த சிகரெட்டை விடு, ரத்தக் கொழுப்பைப் பாரு, அப்புறம் டாக்டர் சொன்னா வா" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். நிர்வாகத்தில் முகம் சுளித்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. முடிவு நன்றாக வந்து துள்ளிக் குதிப்பவர்களிடமும், "இது இன்னைக்கு எடுத்த போட்டோண்ணே. ஆயுசுக்கும் கொடுத்த சர்டிபிகேட் இல்லை" என்பார். அதே சமயம், உண்மையிலேயே ஸ்கேன் தேவைப்பட்டவர்கள் தீபாவளி முடியட்டும், தைப்பூசம் முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டால் விடமாட்டார். பங்சாரில் துணிக்கடை வைத்திருந்த ஒருவரின் மனைவி, மகள் கல்யாணம் முடியும்வரை ஸ்கேன் முடிவைக் கணவரிடம் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினார். "பந்தல்ல மாமா விழுந்தா என்னம்மா செய்வீங்க?" என்று மட்டும் கேட்டார் சிஸ்டர். அந்த அம்மா அழுதுகொண்டே டாக்டரின் அறைக்குள் கணவரை அழைத்துப் போனார்.

இப்படி ஊரையே மசிய வைத்தவரால் வீட்டில் ஓர் ஆளை மசிய வைக்க முடியவில்லை. அவருடைய கணவர் சேவியர் அண்ணன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சேவியரின் அப்பாவும் உடன்பிறந்த அண்ணனும் இளம் வயதிலேயே மாரடைப்பில் போனவர்கள். அவருக்கும் படியேறினால் மூச்சு வாங்கும். "வயசாச்சு, வாங்காம என்ன செய்யும்?" என்பார். சிஸ்டர் என்னிடம் சலித்துக்கொள்வார். "களைச்சுப் போச்சு மணியம். அடுத்தவ புருஷனையெல்லாம் படுக்க வச்சுட்டேன், என் புருஷன் மட்டும் சிக்க மாட்டேங்கிறாரு." கடைசியில் எப்படியோ அவரைச் சம்மதிக்க வைத்து நாளும் குறித்துவிட்டார். அந்த மகிழ்ச்சியில் எங்கள் எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்த சிஸ்டர் எழுந்திருக்கவில்லை.

சிஸ்டரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "ஊருக்கெல்லாம் இதயம் பார்த்தாங்க. கொசு கடிச்சுப் போயிட்டாங்க. ஸ்கேனும் வேணாம் ஒன்னும் வேணாம், எழுதினபடிதான் நடக்கும்" என்றார் ஒருவர். அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துக் கத்தவேண்டும் போல் இருந்தது. கத்த எனக்குத் தெம்பில்லை. அதைவிட மோசம், சேவியர் அண்ணனும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். என் கையைப் பிடித்து, "மணியம், என் பேரை எடுத்துடு. அவளே போயிட்டா, இனி நான் இருந்து என்ன?" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். ஆனால் பெயரை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சிஸ்டர் கடைசியாக முடித்துவைத்த காரியத்தை நான் கலைத்ததாக ஆகியிருக்கும்.

குறித்த நாளில் அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். கறுப்புச் சட்டை, தலை வாரியிருக்கவில்லை.

"நல்லதுண்ணே, ஸ்கேனுக்கு வந்துட்டீங்க" என்றேன்.

"ஸ்கேனுக்கு வரலை. அவ வேலை செஞ்ச இடத்தைப் பார்க்க வந்தேன். எத்தனையோ தடவை கூப்பிட்டா, ஒரு நாள்கூட வந்ததில்லைடா."

மாத்திரை கொடுத்து உட்கார வைத்தேன். துடிப்பு இறங்கவில்லை. சிஸ்டர் செய்வதைப் போலப் பேசிப் பார்ப்போம் என்று மீன் கதையை எடுத்தேன். "மீன் அவதான் சமைப்பா" என்றார், துடிப்பு இன்னும் ஏறியது. பேச்சை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே கேட்டார், "அவ எங்க நிப்பா?" இயந்திரத்தின் இடப்பக்கத்தைக் காட்டினேன். படம் எடுப்பதற்காகக் கதவை மூடவேண்டிய கடைசி நொடிவரை சிஸ்டர் அங்கேதான் நிற்பார் என்றேன். அவர் அந்த இடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, யாரும் சொல்லாமலே போய்ப் படுத்துக்கொண்டார். கண்ணீர் காதுவரை வழிந்துகொண்டிருந்தது. திரையில் எண் ஒன்றொன்றாக இறங்கியது. அறுபதுக்குப் பக்கத்தில் வந்ததும் படம் எடுத்தேன்.

முக்கியமான குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்றார் டாக்டர். அடைப்பைச் சரி செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்ததும் சேவியர் அண்ணன், "இதைக் கேட்டிருந்தா அவ சந்தோஷப்பட்டிருப்பா இல்லையா?" என்றார். "சந்தோஷமா? இத்தனை நாள் வராததுக்கு உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாங்க" என்றேன். செத்தவீடு முடிந்தபிறகு அவர் முதல்முறையாகச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

சிஸ்டரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஏதாவது ஒன்றை வைத்திருப்பீர்கள். சிலர் குரலை, சிலர் கேலியை, சிலர் தங்கள் உயிரையே. எனக்கு அவர் விட்டுப்போனது அவருடைய கணவரை. தினமும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து, மாத்திரை போட்டாரா என்று கேட்கிறேன். "போட்டாச்சுலா! உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனை வைத்துவிடுகிறார். நன்றாக எரிந்து விழட்டும். எரிந்து விழ அவர் இருக்கிறார்.