கேளாமல் கொடுத்த சத்தியக் கடதாசி

உடுவில் தியாகராசா கடதாசி விஷயத்தில் கெட்டிக்காரர். இதை அவரேதான் சொல்லுவார். செய்வது வெங்காயத் தோட்டம் என்றாலும், எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் கேட்ட பத்திரத்தோடு கேளாத ஒன்றையும் சேர்த்து வைப்பது அவர் வழக்கம். மின்சாரக் கட்டணம் கட்டப் போனால்கூடக் காணி உறுதியின் பிரதி கையில் இருக்கும். "இது தேவையில்லை ஐயா" என்று அவர்கள் திருப்பித் தரும்போது மனிதருக்கு ஒரு பெருமை.

மகள் சுபாஜினிக்கு சுவிஸில் இருக்கும் கீர்த்திகனைப் பேசி, தை மாதம் எழுத்தும் முடிந்திருந்தது. எழுத்து என்பது பதிவாளர் முன்னால் கையெழுத்து வைப்பது. விசா அலுவல் தொடங்க வேண்டுமென்றால் அது முதலில் வேண்டும். தாலி ஆவணியில், கோயிலில். எழுத்து முடிந்தபின் மாப்பிள்ளை பத்து நாள் ஊரில் நின்றான். பின்னேரம் ஆறு மணியானால் தியாகராசா கேற்றடியில் நின்று செருமுவார். "தாலி ஏறாமல் என்ன புருசன்?" என்று மனைவியிடம் கேட்பார். பாவம் அந்தப் பிள்ளை, தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போவான்.

கொழும்பில் தூதரக நேர்முகம் வியாழக்கிழமை. செவ்வாய் காலை தகப்பனும் மகளும் பத்திரங்களுக்கு முத்திரை குத்துவிக்கக் மாவட்டச் செயலகம் இருக்கும் கச்சேரி வளவுக்குப் போனார்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால் இங்கத்தைய பத்திரம் எதுவும் அங்கே செல்லாது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் உதயகலா பிறப்புச் சான்றிதழைப் பார்த்தாள், விவாகச் சான்றிதழைப் பார்த்தாள், மூன்றாவது கடதாசியில் நின்றுவிட்டாள்.

"ஐயா, இதென்ன?"

"சத்தியக் கடதாசி, தங்கச்சி. பிள்ளை கலியாணமாகாதவள், ஒழுக்கமானவள் எண்டு சமாதான நீதவானுக்கு முன்னாலை சத்தியம் பண்ணி எடுத்தனான்."

"உதை ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. சும்மா, ஒரு பலத்துக்கு."

சுபாஜினி கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள். "இதை எப்ப அப்பா எடுத்தனீங்கள்?"

உதயகலா விவாகச் சான்றிதழையும் சத்தியக் கடதாசியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். "ஒண்டு கலியாணம் முடிஞ்சுது எண்டுது. மற்றது முடியேல்லை எண்டுது. ரண்டும் ஒண்டாய்ப் போனால் இது பொய்க் கலியாணம் எண்டு விசாவை மறுத்துப்போடுவினம். பிறகு பிள்ளை எப்ப போய்ச் சேருறது?"

தியாகராசா விடவில்லை. "தாலி இன்னும் கட்டேல்லைத்தானே. ஊரிலை ஆரையும் கேட்டுப் பாருங்கோ."

"ஊர் முத்திரை குத்தாது, ஐயா."

"அப்பா, அதை எடுங்கோ." சுபாஜினி தகப்பனின் கையைப் பிடித்தாள். நாலு மாதமாகப் போனில் மட்டும் பார்க்கிற மனிதனிடம் போவதும் போகாததும் இப்போது தகப்பனின் பிடிவாதத்தில் தொங்கியது. அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். கடதாசியை எடுத்து நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஆனாலும் மனம் ஆறவில்லை.

"சரி. அப்ப உங்கடை கணக்கிலை என்ரை பிள்ளை எண்டைக்குக் கலியாணம் முடிச்சவள்?"

உதயகலா சான்றிதழைப் பார்த்துச் சொன்னாள். "சனவரி இருபத்திரண்டு. சாட்சிக்கு மாப்பிள்ளையின்ரை தமையனும் உங்கடை மைத்துனரும் கையெழுத்து வைச்சிருக்கினம். நீங்கள் வைக்கேல்லையோ?"

"நான் போகேல்லை, தங்கச்சி. வெங்காயத்துக்கு மருந்தடிக்க ஆள் வரச் சொல்லியிருந்தன். எழுத்துத்தானே எண்டு விடியவே தோட்டத்துக்குப் போட்டன்."

உதயகலா முத்திரையை எடுத்து இரண்டு சான்றிதழ்களிலும் குத்திக் கொடுத்தாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். சுபாஜினிக்கு அலுவல் முடிந்த சந்தோசம். தியாகராசாவோ சட்டைப் பைக்குள் மடித்து வைத்த கடதாசியைத் தடவியபடி நின்றார். ஒரே மகளின் கலியாணம் அவர் இல்லாமலே நடந்து முடிந்திருந்தது. மகளின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அண்டைக்கு என்ன சீலை உடுத்தனீ?"