ஆட்டோவில் பாஸான பாட்டு

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிற முருகையனுக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் வேறு அவதாரம். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். கோடு போட்ட அரைக்கைச் சட்டைக்கு மாறுவார். கிடாரை உறையோடு தூக்கிவந்து பின் சீட்டில் உட்காரவைப்பார். முழு சீட்டும் கிடாருக்கே. மற்ற நாளில் அதே சீட்டில் நாலு பேரை நெருக்கி, ஐந்தாவது ஆளுக்கும் இடம் இருக்கிறது என்று சத்தியம் பண்ணுகிறவர் இவர்தான்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் அவரோடு சேர்த்துப் பத்துப் பேர் கிடாரோடு கூடுவார்கள். வாத்தியார், மருந்துக்கடைக்காரர், பேங்க் கிளார்க் என்று பலவகை. வித்வான் என்று ஒருவரும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து வாசித்துப் பாடிவிட்டு, டீ குடித்துக் கலைவார்கள். எந்தப் பாட்டு என்று முடிவு செய்வது முருகையன். அதற்கு அவர் இரண்டு சட்டம் வைத்திருந்தார். பாட்டு ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும். கிடாரில் மூன்றே கார்டுக்குள், அதாவது விரல்களால் கம்பிகளைச் சேர்த்து அமுக்குகிற மூன்றே பிடிக்குள், அடங்க வேண்டும்.

ஊருக்குத் தெரிந்த பாட்டா என்பதைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு பரீட்சை இருந்தது. திங்கட்கிழமை காலை ஆட்டோவில் பாட்டைப் போட்டுவிட்டு, கண்ணாடி வழியாகப் பயணிகளின் வாயைப் பார்ப்பார். ஏழு பேரில் நாலு பேர் முணுமுணுத்தால் பாஸ். காலால் தாளம் போட்டால் அரை மார்க். காதில் இயர்போன் மாட்டியிருக்கிற காலேஜ் பிள்ளைகள் நோட்டா. வண்டி ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்காமல் வாயைப் பார்க்கிறாரே என்று கேட்டால், ரெண்டையும் பார்ப்பேன் என்பார். நல்லவேளை, இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

நாளெல்லாம் 'ஆட்டோ, நில்லு', 'ஏம்பா, ஜல்தி போ' என்று கேட்டே பழகிய காது அது. அந்த மாடியில் மட்டும்தான் "முருகையன் சார், இந்த வாரம் இன்னா பாட்டு?" என்று கேட்பார்கள். அந்த 'சார்' அவருக்கு அவ்வளவு பிடிக்கும். வாரத்தில் ஆறு நாள் அதற்காகவே காத்துக்கிடப்பார் என்றால் மிகையில்லை.

ஆனால் அந்த மூன்று கார்டு சட்டத்துக்குப் பின்னால் ஒரு சங்கதி இருந்தது. புதுசாக வருகிறவர்கள் பயந்துவிடக் கூடாது என்றுதான் சுலபமான பாட்டாக எடுப்பதாகச் சொல்லிவந்தார். நிஜம் என்னவென்றால், அவருக்கு எஃப் கார்டு வராது. ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் மேல் படுக்கப் போட்டு மொத்தமாக அமுக்க வேண்டிய கார்டு அது. நாளெல்லாம் கிளட்சைப் பிடிக்கிற இடது கைதான். எஃப் என்றால் மட்டும் துவண்டுவிடும். ஆறு வருஷமாக வீட்டில் ரகசியமாக முயற்சி பண்ணுகிறார். மிக்ஸி ரிப்பேரா என்று மனைவி அருணா சமையலறையிலிருந்து கேட்டதுதான் மிச்சம்.

இந்த நிலைமையில்தான் திண்டிவனத்திலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தான் சித்தார்த்தன். கம்ப்யூட்டர் வேலை, கறுப்பு நிற கிடார், முதல் நாளே கேள்வி.

"எப்பப் பாத்தாலும் மூணு கார்டேதானா சார்? நாலாவது ஒண்ணு வெச்சா யாருனா கேஸ் போடுவாங்களா?"

அவன் ஒரு பாட்டைச் சொன்னான். பேரைச் சொன்னால் நீங்களும் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். கதை நின்றுவிடும், வேண்டாம். அதில் பல்லவி முடிகிற இடத்தில் எஃப் வருகிறது. முருகையன் ஆட்டோவில் போட்டுப் பார்த்துச் சொல்வதாக நழுவினார்.

திங்கட்கிழமை போட்டார். ஏழுக்கு ஏழு. இயர்போன் பிள்ளைகூட அதைக் கழற்றிவிட்டுப் பாடியது. இப்படி ஒரு மார்க்கை அந்த வண்டி கண்டதே இல்லை.

இந்தப் பாட்டு உள்ளே வந்தால் தன் குட்டு வெளிப்படும், அப்புறம் யார் தன்னை 'சார்' என்பார்கள் என்று வாரம் முழுக்க அதே நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை மாடியேறி, பாட்டு ஃபெயில், ஒரே ஒருத்தர்தான் முணுமுணுத்தார் என்று கூசாமல் சொன்னார். சித்தார்த்தனின் முகம் வாடிவிட்டது.

அன்றைக்கு ஒரு புது ஆள் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பர்வீன். ஆட்டோவின் சீட்டுக்குப் பின்னால், பாட ஆசையிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று முருகையனே ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து வந்தவள். எந்தப் பாட்டு என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னாண்ணா இப்படிச் சொல்றீங்க? திங்கக்கிழமை வண்டியே பாடிக்கினு வந்துச்சே. நீங்ககூட ஹாரன்ல தாளம் போட்டீங்க."

எல்லோரும் முருகையனைப் பார்த்தார்கள். அவருக்கு மாடியிலிருந்து இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது. கிடாரை மடியில் கவிழ்த்துவைத்தார்.

"பாட்டு பாஸுதான். நான்தான் ஃபெயிலு. ஆறு வருஷமா எனக்கு எஃப் வரல. அதுக்குத்தான் இந்த மூணு கார்டு சட்டமெல்லாம்."

சித்தார்த்தன்கூடக் கேலி பண்ணாமல் தன் கிடாரின் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தான். கடைசியில் வாத்தியார்தான், ஒரு இடத்தில்தானே வருகிறது, ஆரம்பிக்கலாம் என்றார்.

ஆரம்பித்தார்கள். பல்லவி ஓடியது. அந்த இடம் நெருங்க நெருங்க முருகையன் குரலை உயர்த்திக்கொண்டே போனார். வந்ததும் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, வாயால் மட்டும் பாடினார். மற்ற பத்து கிடாரும் தன் குறையை மூடிவிடும் என்று நம்பினார்.

ஒரு கிடாரும் ஒலிக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். பதினோரு கையும் அந்தரத்தில் இருந்தன. எஃப் அவர்களுக்கும் வராது போல. வாத்தியார் மூக்குக்கண்ணாடியைச் சரி பண்ணுகிற மாதிரி, மருந்துக்கடைக்காரர் பிடரியைச் சொறிகிற மாதிரி. சித்தார்த்தன் மறுபடியும் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு பேரின் குரல் மட்டும் அந்த வரியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போய், அடுத்த கார்டில் இறக்கிவிட்டது. ஆறு வருஷத்தில் அந்த மாடியில் எந்த வரியும் அவ்வளவு நன்றாக வந்ததில்லை.

பாட்டு முடிவதற்குள் பர்வீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் எல்லோருக்குமே தாங்கவில்லை. டீ வந்தபோது முருகையன் சற்றுத் தள்ளித்தான் நின்றார். சித்தார்த்தன் டம்ளரோடு பக்கத்தில் வந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது.

"அடுத்த வாரம் இன்னா பாட்டு, சார்?"

முருகையன் டீயை ஒரு வாய் குடித்தார்.

"ஆட்டோவுல போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.