ஆம்பூரில் எனக்காகத் திறந்த தொட்டி

வெளிநாட்டு ஷூ கம்பெனி ஒன்றின் சென்னை ஆபீஸில் எனக்கு வேலை. எங்களுக்குத் தோல் பதனிட்டுத் தருகிற இடங்களில் ஆட்களை மனுஷர்களாக நடத்துகிறார்களா என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். 2006 ஆகஸ்டில் ஆம்பூர் போனது அதற்காகத்தான். பதினொன்றரைக்கு வருகிறேன் என்று ஒரு வாரம் முன்பே ஃபேக்ஸ் அனுப்பியிருந்தேன். மரியாதை தெரிந்தவள் இல்லையா!

ஆறு மணி ரயிலைப் பிடித்தால் எட்டேகாலுக்குள் காட்பாடி. அங்கிருந்து வேலூருக்கு டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம், மூன்று ரூபாய். வேலூர் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் சீக்கிரம் கிளம்பினேன். இறங்கியதும் மழை கொட்டியது. குடையும் இல்லை, பொறுமையும் இல்லை. எட்டே முக்காலுக்கு ஆம்பூர் பஸ் ஏறிவிட்டேன். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், பதினேழு ரூபாய்.

ஆம்பூரில் மழையே இல்லை. நான் போக வேண்டிய தோல் பதனிடும் இடத்துக்கு, ஊர்ப் பேச்சில் தோல் ஷாப்புக்கு, மூன்று கிலோமீட்டர். ஆட்டோ நாற்பது ரூபாய். பேரம் பேசினால் முப்பத்தைந்து, எனக்கு வராது. ஓட்டுநர் பாஷா பாய் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மேடம், செக்கிங்கா? நேத்து ஃபுல்லா அங்கதான் ப்ளீச்சிங் பவுடர் மூட்டை ஏத்திக்கினு போனேன். உங்களுக்குத்தானா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை அந்தச் சிரிப்பு.

கேட்டில் யாரும் தடுக்கவில்லை. என்னை இன்னும் எதிர்பார்க்கவில்லையே. பின்பக்கம் போனால் கழிவுநீர்த் தொட்டி திறந்து கிடக்கிறது. ஐம்பது வயசு இருக்கும் ஒருவர், இடுப்பில் கயிறு, ஏணியில் ஒரு கால். முகத்தில் ஒரு துணிகூட இல்லை. தோல் ஷாப்புத் தொட்டிக்குள் விஷவாயு நிற்கும், இறங்கியவர் ஏறாமலே போவார் என்பது எனக்கே தெரியும்.

"ஏறுங்க மேல! மொதல்ல மேல ஏறுங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிசு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் ஏறினார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

சூப்பர்வைசர் தேவராஜ் ஓடி வந்தார். "நீங்க வர்றீங்கன்னுதான் மேடம் கிளீன் பண்றோம். தொட்டி அழுக்கா இருந்தா எழுதிடுவீங்களே!"

கோபமாகத் திட்டப் போனவளின் கண் கையிலிருந்த ஆய்வுப் பட்டியலில் விழுந்தது. தொட்டி சுத்தமாக உள்ளதா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. அதை எழுதியதே நான்தான்.

முகமூடி இல்லையா என்று கேட்டேன். இருந்தது. புது முகமூடி, புது கையுறை, எல்லாம் பிளாஸ்டிக் உறையோடு ஷெல்ஃபில் வரிசையாக. "போட்டா அழுக்காய்டும் மேடம். உங்களுக்குக் காட்டணுமே" என்றார் தேவராஜ், ரொம்ப வெள்ளந்தியாக. அடப்பாவிகளா!

ஏணியில் நின்றவர் பெயர் ஏழுமலை. "மூடி தொறந்தப்பவே தலை சுத்துச்சு மேடம். மாட்டேன்னா நாளைக்கு வராதேம்பாங்க" என்றார்.

இதை எழுதினால் ஆர்டர் போய்விடும், ஏழுமலையின் வேலையும் சேர்ந்து போகும். எழுதாமல் விட்டால் அடுத்த முறை மறுபடியும் இறங்குவார். பயந்துகொண்டே சென்னையில் என் மேலாளருக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. ஆர்டர் அப்படியே இருக்கட்டும் என்றார். ஆனால் இனி தொட்டியில் ஆள் இறங்கக் கூடாது, கழிவை உறிஞ்சும் லாரிதான், பாதிச் செலவு நம்முடையது என்றார். தோல் ஷாப்பு முதலாளி அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குச் சாப்பிட்ட பிரியாணி நிஜமாகவே உடம்பில் ஒட்டியது.

இந்த மாதிரி வேலையாகப் போகிறவர்களுக்கு: நாள், நேரம் சொல்லாதீர்கள். சொல்லியே ஆகவேண்டும் என்றால், எனக்காக எதையும் கழுவ வேண்டாம் என்று கடிதத்தில் எழுதுங்கள். ஆபீஸ் அறைக்கு முன்னால் பின்பக்கம் போங்கள். பிரியாணிக்கு ஒரு மணிக்குள் போய்விடுங்கள், தீர்ந்துவிடும்.

மூன்று மாசம் கழித்துச் சொல்லாமல் போனேன். தொட்டி மூக்கைப் பொத்தும்படி நாறியது. லாரி மறுநாள்தான் வருமாம். மூடியில் பூட்டு. ஏழுமலை தோல் உலர்த்திக்கொண்டே கூப்பிட்டார்.

"நாறுது மேடம், எழுதிக்கோங்க!"

எழுதிக்கொண்டேன். ஒரு குறையை அத்தனை சந்தோஷமாக நான் எழுதியதே இல்லை.