பெயர் சொன்னால் பொன்னாடை

எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. ஈஸ்டர் பூசையில் பாட்டின் நடுவே கீபோர்டுக்காரர் தும்மினார். நான் சிரித்துத் தொலைத்தேன். அன்றோடு பங்குச் சாமியார் என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்கிவிட்டார். எங்கள் பாடற்குழுவில் சுதி பிசகாமல் பாடுகிறவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கிறிஸ்து அரசர் திருவிழாவுக்கு ஆயர், அதாவது பிஷப், கள்ளக்குறிச்சிக்கு வருகிறார் என்றதும் சாமியாருக்கு வேறு வழியில்லாமல் போனது. தனிக்குரலை எனக்கே கொடுத்தார்.

"இந்தத் தடவை சிரிச்சீங்கன்னா, அப்புறம் மைக் பக்கமே வரக்கூடாது" என்றார்.

பாட்டு பழைய லத்தீன் அரச வாழ்த்து. அந்தக் காலத்து ஐரோப்பாவில் ராஜாவுக்கு முடிசூட்டும்போது பாடியதாம். வெற்றியும் ஆட்சியும் கிறிஸ்துவுக்கே என்று தொடங்கி, திருத்தந்தையான போப், ராஜா, ராணி, படை என ஒவ்வொருவராகச் சொல்லி வாழ்த்துவார்கள். ஒவ்வொருவருக்கும் துணையாகப் புனிதர்களையும் கூப்பிடுவார்கள். ராஜாக்கள் போய்விட்டார்கள், பாட்டு போகவில்லை. எங்கள் ஊர்ப் பொதுக்கூட்டத்துக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாங்கள் தமிழில் திருத்தந்தை, ஆயர், நம்மை ஆள்வோர் என்று மூன்று வாழ்த்தோடு நிறுத்திக்கொண்டோம்.

வித்தியாசம் தெரியாத இன்னொருவர் பங்குப் பேரவைத் துணைத்தலைவர். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். கட்சிக் கூட்டமோ காதுகுத்தோ, மைக்கில் பெயர் சொன்னதும் பொன்னாடை போர்த்துவது அவர் வேலை. திருவிழா அன்று கையில் மூன்று பொன்னாடைகளோடு நின்றார். பூசை முடிந்து போடுவார் என்று நினைத்தேன்.

திருத்தந்தை பெயரைப் பாடினேன். மனிதர் விறுவிறுவென்று பீடத்தருகே போய், முக்காலியில் இருந்த திருத்தந்தை படத்துக்குப் போர்த்திக் கும்பிட்டார். படத்தில் கண் மட்டும் வெளியே தெரிந்தது. எனக்கு வயிறு குலுங்கத் தொடங்கியது. பல் பிடுங்கிய நாளை நினைத்துக்கொண்டு பாடினேன்.

அடுத்து ஆயர். அவருக்கும் போர்த்தினார்.

மூன்றாவது, நம்மை ஆள்வோர். அரசாங்க ஆள் யாரும் வந்திருக்கவில்லை. கடைசி வரிசையில் மின்வாரிய லைன்மேன் ஒருவர்தான். துணைத்தலைவர் அவரை நோக்கிப் பாதி தூரம் போய், திருப்தியில்லாமல் நின்றுவிட்டார். பெண்கள் பக்கம் முன்பாயில் உட்கார்ந்திருந்த துணைத்தலைவரின் மனைவி பொறுமையிழந்தார்.

"இன்னாத்துக்கு முழிச்சிக்கினு நிக்கிற? இங்க குடு."

போர்த்திவிட்டார். அந்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

எனக்குப் பின்னாலிருந்த குழு மொத்தமும் சிரிப்பில் படுத்துவிட்டது. கீபோர்டு நின்றது. ஆயரின் தோள் குலுங்கியது, சாமியார் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தார். குழு பாட வேண்டிய பதிலையும் நானே பாடினேன், கடைசி ஆமென் வரை.

பூசை முடிந்து ஆயர் நேரே என்னிடம் வந்தார், சாமியாரும் கூடவே.

"நீங்க மட்டும் எப்படிம்மா சிரிக்காம பாடினீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவ்வளவுதான். ஆயர் முகத்துக்கு நேராகவே வெடித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சாமியார் என்னை முறைத்தார்.

"பாட்டு முடிஞ்சிட்ச்சிங்களே சாமி" என்றேன்.

சாமியார் கைக்குட்டையை மடித்து அங்கிக்குள் செருகிக்கொண்டார். பிறகு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு எப்போது ஒத்திகை வைக்கலாம் என்று கேட்டார்.