இஸ்திரி போடாத முகம்

என் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. பேச்சு தீர்ந்தால் சீட்டியடிப்பான், சீட்டி அலுத்தால் யாரையாவது கிண்டல் செய்வான். லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களுக்குள்ளே, கம்பிக் கயிறு தொங்கும் இருட்டுக் குழியில் இறங்கி ஏறுவதுதான் இருபது வருடப் பிழைப்பு. எனக்கோ மாடிப்படியில் நின்று கீழே எட்டிப் பார்க்கவே பயம். ஒரே வயிற்றில் பிறந்தோம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் போஸ்டர் செய்கிறவள். கணினியில் முகச் சுருக்கத்தையும் பருவையும் தேய்த்து எடுப்பதில் கெட்டிக்காரி என்பதால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் இஸ்திரி. "இஸ்திரி, அப்படியே என் சட்டையையும் கம்ப்யூட்டர்ல தேச்சுக் கொடுத்துடு" என்பான்.

போன வருடம் ஒரு மருத்துவமனை எங்கள் ஸ்டூடியோவிடம் ஆறு டிஜிட்டல் போஸ்டர் கேட்டது. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துத் திரைகளுக்கு. வாய் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது என்று பக்கவாதத்தின் அறிகுறிகளைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் முழுக்க அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து, ஜனங்கள் திரையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். சிவப்பாக மூளை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எழுத்து வந்தால் கொட்டாவி. சோப்பு விளம்பரத்தில் ஒரு ஆள் சும்மா சிரித்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார்கள். கார்ட்டூன் வரைந்தேன், நிழலுருவம் செய்தேன், வெறும் வாய்களை மட்டும் அடுக்கிப் பார்த்தேன், ஒன்றும் உருப்படவில்லை. கடைசியில்தான் புத்திக்கு எட்டியது. நேராகப் பார்த்துச் சிரிக்கும் சாதாரண முகம் ஒன்று போதும்.

அண்ணனைப் பிடித்தேன். மூன்று வாரத்தில் ஐந்து நாள், வேலை முடிந்து வந்தவனை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். சிரிக்கச் சொன்னால் நாக்கை நீட்டுவான். வாயைக் கோணச் சொன்னால் கண், மூக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கோணி, "எப்படி நம்ம நடிப்பு?" என்பான்.

"விளையாட்டுக்குக்கூட அப்படிச் செய்யாதீங்க. எனக்குப் பிடிக்கல" என்று அண்ணி சத்தம் போடுவார்.

ஆறு போஸ்டரிலும் முகம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்காக முதல் நாள் படத்தை அடியில் போட்டு, மற்ற நாள் படங்களைக் கண்ணாடித்தாள் போல மேலே வைத்துக் கண்ணுக்குக் கண், உதட்டுக்கு உதடு பொருத்தினேன். மூன்றாம் நாள் படத்தில் இடது உதட்டோரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. தூக்கிவிட்டேன். நான்காம் நாள் சரியாக இருந்தது. ஐந்தாம் நாள் மறுபடியும் இறங்கியிருந்தது. "ஒழுங்கா ஒரு தடவை சிரிக்கிறானா பாரு, சனியன்" என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் தூக்கிவிட்டேன்.

கோணிய வாய் போஸ்டர் மட்டும் பாக்கி. அண்ணன் நடித்ததெல்லாம் கோமாளித்தனம். நிஜத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, மருத்துவர் கொடுத்திருந்த நோயாளிகளின் படங்களைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சரிவு கண்ணில் பதிந்துவிட்டது. பிறகு, அதே மாதிரி இழுத்துக் கோணலாக்கலாம் என்று, நான் திருத்தாத ஐந்தாம் நாள் அசல் படத்தைத் திறந்தேன்.

இழுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மூன்றாம் நாள் அசலையும் திறந்தேன். அதிலும் அப்படித்தான். கண் சிரிக்கிறது, வலது கன்னம் சிரிக்கிறது, இடது கன்னம் மட்டும் வரவில்லை. 'தானாகச் சரியாகிவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்' என்று முதல் போஸ்டரில் எழுதியவள் நான்தான். ஊருக்கெல்லாம் பார்க்கக் கற்றுக்கொடுக்கப் போனவள், கூடப் பிறந்தவன் முகத்தில் வந்ததை அழித்திருக்கிறேன். அதுவும் இரண்டு தடவை. பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவனுக்கு போன் போட்டேன். கிடைக்கவில்லை. அப்படியென்றால் குழிக்குள் இருக்கிறான். அண்ணியைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, அண்ணனுக்குக் கை ஏதாவது மரத்துப்போகுதுன்னு சொன்னானா?"

"நேத்து சாப்பிடறப்போ டம்ளரைக் கீழ போட்டாரு. கேட்டா சிரிச்சு மழுப்பிட்டாரு. ஏன் கேக்கற? எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு மட்டும் இல்லையா? எந்தக் கட்டடம் என்று கேட்டுக்கொண்டு ஓடினேன். பதினோராவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குழிக்குள் எட்டிப் பார்த்தேன். கீழே இரண்டு மாடி ஆழத்தில் அவன் தலைவிளக்கு தெரிந்தது.

"அண்ணா, மேல வா!"

"அட, இஸ்திரி! இங்க எதைத் தேய்க்க வந்த?"

"பேசாதண்ணா. பெல்ட் மாட்டியிருக்கியா? கெட்டியாப் பிடிச்சுட்டு மெதுவா வா."

அவன் ஏணியில் ஏறிய ஒவ்வொரு படிக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேலே வந்ததும் சிரிக்கச் சொன்னேன். நேராகச் சிரித்தான். ரெண்டு கையையும் நீட்டச் சொன்னேன். தூக்கத்தில் நடப்பவனைப் போல நடித்துக்கொண்டே நீட்டினான். இடது கை மெல்லக் கீழே இறங்கியது. அது இறங்குவதை அவனே பார்த்தான்.

"நான் இறக்கலடி" என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லாமல் நான் கேட்டது அன்றுதான்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயில் அடைப்பு. இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஆள் விழுந்திருப்பார் என்றார் மருத்துவர். அறுவை செய்தார்கள். இனிமேல் குழி கிடையாது, கீழே பட்டறையில்தான் வேலை. ஆறாவது போஸ்டரில் ஐந்தாம் நாள் படத்தை அப்படியே போட்டேன். போடச் சொன்னது அவன்தான். "இஸ்திரி போடாம போடு" என்றான்.

வீடு திரும்பிய முதல் வாரம், பழக்கதோஷத்தில் ஒருநாள் வாயைக் கோணிக் காட்டினான். அண்ணி கரண்டியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அதற்குப் பிறகு அந்த விளையாட்டு இல்லை.

இப்போது தினமும் காலையில் வீடியோ கால் வரும். ஒரு வார்த்தை பேச மாட்டான். நேராகப் பார்த்துச் சிரிப்பான். நான் இடது ஓரத்தை உற்றுப் பார்ப்பேன். "சரிண்ணா, வேலைக்குப் போ" என்று நான் சொல்லும் வரை சிரித்துக்கொண்டே நிற்பான்.