உரித்து வைத்த மாதிரி

ஒன்பது வயது வரை, அத்தையைப் போல இருப்பது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்பாவின் முடி கோரைப்புல் மாதிரி நேராக நிற்கும். அவருடைய தங்கைகள் இருவருக்கும் சுருட்டை. பெரிய அத்தை நான் பிறக்கும் முன்பே மார்பில் கட்டி வந்து இறந்துபோனாள். சின்ன அத்தை கோவளத்தில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அந்தச் சுருட்டை எப்படியோ அப்பாவைத் தாண்டிக் குதித்து என் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. "அப்டியே என் தங்கச்சிய உரிச்சி வெச்சிருக்குது பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா சொல்லுவார்.

அந்த வருஷம் சின்ன அத்தைக்கும் கட்டி வந்தது. சென்னையில் ஆபரேஷன் நடந்தது. வீட்டில் யாரும் நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள், "அது" என்பார்கள். பெயர் தெரியாததாலேயே எனக்குப் பயம் அதிகம். கேளம்பாக்கம் பஸ்ஸில் ஒரு நாள், அம்மாவுக்குத் தெரிந்த ஒருத்தி என் தலையைக் கோதியபடியே சொன்னாள்: "பெரியவளும் பூட்டா, சின்னவளுக்கும் வந்துகீது. இதுவும் அத்தைங்க மாதிரியே கீதே, இன்னா ஆவப்போவுதோ." அம்மா என்னை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுருட்டை முடிக்காரிகளுக்குத்தான் அது வருகிறது. அடுத்தது நான். அன்றிலிருந்து கொசு கடித்துக் கை தடித்தால்கூடக் கட்டியோ என்று அமுக்கி அமுக்கிப் பார்ப்பேன். எண்ணெயை ஊற்றி ஊற்றி முடியைப் படிய வாருவேன். ஒரு மணி நேரம் அடங்கிக் கிடந்துவிட்டு மறுபடி சுருண்டுகொள்ளும்.

ஒரு சனிக்கிழமை, அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். பின்பக்கம் தெரியவில்லை, கைக்கு வந்ததையெல்லாம் வெட்டினேன். திரும்பி வந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எதுக்குடி இப்டி பண்ண?" நான் கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். என் தலையையே பார்த்தவள், தானாகவே ஒரு பதிலைக் கண்டுபிடித்து அழ ஆரம்பித்தாள். "அத்தைக்கோசரம் வேண்டிக்கினியா?" ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அடியிலிருந்து தப்பிக்க வேறு வழி தெரியவில்லை. மறுநாளே திருப்போரூர் முருகன் கோயிலில் மிச்சம் மீதியையும் மழித்துச் சந்தனம் பூசினார்கள்.

திங்கட்கிழமை அத்தையை ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா அழைத்துவந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அவள் தலையில் போட்டிருந்த முந்தானை நழுவியது. ஒரு முடி இல்லை. மருந்து ஏற்றினால் கொட்டிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அத்தை மாதிரி இருக்கக்கூடாது என்று வெட்டிக்கொண்டவள், இப்போது அவளுடைய அச்சாக எதிரே நின்றேன்.

"எனக்கோசரமாடி கண்ணு?" என்று அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள். நான் வீறிட்டு அலறினேன். பாசத்தில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாருண்ணா, இப்பதான் சுத்தமா என்ன உரிச்சி வெச்ச மாதிரி கீறா" என்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போய், சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வேண்டுதல் பொய் என்று கண்டுபிடித்துவிட்டார், என்மேல் கோபம் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை டாக்டர் தன்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னதை, நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் அப்பா என்னிடம் சொன்னார். அத்தையின் ரத்தத்தைச் சோதித்ததில் தெரிந்ததாம்: மரபணுவில் ஒரு பிழை, பரம்பரையாக வருவது. முடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அண்ணனிடமும் அது சத்தம் காட்டாமல் இருக்கலாம். இருந்தால், மகளுக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"என்னியும் ரத்தம் குடுக்கச் சொன்னாரு. நான் குடுக்கல. பயமா இருந்திச்சிம்மா" என்றார்.

கொல்லைப்பக்கம் நின்றவருக்கு என்மேல் கோபமே இல்லை. எனக்கு எதைக் கொடுத்துத் தொலைத்தோமோ என்று நின்றிருக்கிறார்.