இருவருக்கான மேசை

“…அதுவும் ஈரம் காயமுந்தி உப்பிடி அடுக்கினால் கோப்பையெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போடும். பிறகு இழுக்கேக்கை விளிம்பு உடையும். நீர் பாரும், அந்தப் பெடியன் இன்னும் ஏத்துறான்!”

தட்டு அடுக்குகிற ஒருவனைக் காட்டி இப்படிச் சொன்னவர் என் வீட்டுக்காரர். போன கிழமை நாங்கள் இருவரும் ரொறன்ரோ நகரின் நடுவே, புதுமாதிரி ஆங்கிலச் சாப்பாடு போடும் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கலியாண நாளுக்கு மகள் தந்த பரிசு. அவளே மேசையைப் பிடித்து, அவளே காசையும் கட்டிவிட்டு, புறப்படும்போது என் காதுக்குள் சொன்னாள்: “அம்மா, ஜஸ்ட் என்ஜோய் பண்ணுங்கோ. பட் ப்ளீஸ், அப்பாவை மட்டும் எழும்ப விடாதைங்கோ.”

பிள்ளைக்குக் கதை தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நகை ஆசை, சேலை ஆசை எல்லாம் மற்றப் பெண்களுக்கு இருக்கிற அளவுதான். ஆனால் ஓர் ஆசை மட்டும் கனடாவுக்கு வந்த முதல் வருடத்திலிருந்து அப்படியே கிடக்கிறது. இந்த மனுசன் ஒரு நல்ல உணவகத்தில் எனக்கு நேரே இருந்து, சூப்பிலிருந்து கடைசி இனிப்பு வரைக்கும் ஒரு சாப்பாட்டை என்னோடு முழுதாகச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். இவ்வளவுதான். இதற்கு இத்தனை வருடம் எடுக்குமென்று யார் நினைத்தது?

வந்து உட்கார்ந்த பிறகுதான் என் மடத்தனம் எனக்கு விளங்கியது. இப்போதைய உணவகங்களில் சமையற்கட்டுக்குச் சுவர் கிடையாது. திரை போடாத மூலஸ்தானம் மாதிரி அடுப்பு, சமைக்கிறவர்கள், கழுவுகிறவர்கள் எல்லாரையும் சாப்பிடுகிறவர்கள் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். நான் இவரை அதற்கு நேரே பார்க்கிற கதிரையில் இருத்திவிட்டேன்.

கண் அடுப்புப் பக்கம் போகும்வரைக்கும் நல்லாய்த்தான் இருந்தார். சாப்பாட்டு அட்டையைக் கண்ணாடி போட்டு வாசித்து எனக்கு விளங்கப்படுத்தினார். மாட்டெலும்பை நெடுக்காகப் பிளந்து வாட்டியது, பாணுக்கு மேலே குண்டிக்காய், ரத்தத்தில் செய்த சொசேச். “உதெல்லாம் முந்தி எங்கட எதிர்வீட்டு அன்ரி அவிச்சால் பக்கத்து வீட்டுக்காரன் பில்டிங் சுப்பரின்ரென்டனிட்டை முறைப்பாடு குடுக்கிற சாமான். இஞ்ச மெழுகுதிரி கொளுத்தி வைச்சுத் தாறாங்கள்” என்றார். சிரித்தோம். அப்போது அடுப்புப் பக்கமிருந்து பட்டரும் சின்ன வெங்காயமும் வைனும் சேர்ந்து வதங்குகிற மணம் வந்தது. இவருடைய கண் அங்கே போனது. என் மனம் டோர்செட் பார்க்குக்குப் போய்விட்டது.

அந்த மணத்தோடு எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. நான் கலியாணம் முடித்து வந்திறங்கிய புதிது. டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். இவர் வேலை முடிந்து வரும்போதெல்லாம் உடுப்பில் வைன் மணம். ஐயோ, குடிகாரன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டார்களே என்று பகல் முழுக்க அழுவேன். எதிர்க் கதவு அன்ரி மன்னார்ப் பக்கத்து மனுசி. எதற்கும் ஒரு கதை கைவசம் வைத்திருப்பா. அவதான் என்னைத் தேற்றினது. “பிள்ளை, குடிச்சுப்போட்டு வாறவனுக்கு வாசலிலயே பாட்டு வரும். உவனுக்கு நித்திரையெல்லோ வருது! அது வயித்துக்குள்ள இருந்து வாற மணமில்லை, சட்டையில இருந்து வாற மணம்.”

அன்ரி சொன்னது சரி. இவர் நகரத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். குடித்தது இவரில்லை, சட்டியிலிருந்த வாத்து. அந்த உணவகத்தின் பெயரை எங்கள் ஆட்கள் ஒருவரும் ஒழுங்காய்ச் சொன்னதில்லை. வாசல் கதவு பச்சை நிறமென்றபடியால் எல்லாருக்கும் அது ‘பச்சைக்கதவு’. முதலாளி பிரெஞ்சுக்காரன். உள்ளே கோப்பை கழுவுகிறவரிலிருந்து சோஸ் கிண்டுகிறவர் வரைக்கும் எங்கள் ஆட்கள். இவரோடு வேலை செய்த பாலன் ஒரு பகிடிக்காரன். “அண்ணி, கதவுக்கு முன்னுக்குப் பாரிஸ், பின்னுக்குப் பருத்தித்துறை” என்பான். பின்னேரம் வாடிக்கையாளர் வர முதல், ஒரு பெரிய சட்டியில் தங்களுக்கென்று கோழிக்கறி காய்ச்சுவார்களாம். மணம் முன்னுக்குப் போகாமல் இருக்க யன்னலெல்லாம் திறந்து வைக்க, முதலாளியே கோப்பையோடு வந்து நிற்பானாம்.

நான் ஊருக்குத் தொலைபேசி எடுத்தபோது, “மனேஜர் மாதிரி” என்றுதான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ‘மாதிரி’யை விட்டுவிட்டு ஊருக்குச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அதைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

அந்த முதலாளியிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. தை பிறந்து குளிர் கடுமையாகி, ஆட்கள் வருவது குறைந்த நாட்களில், சமையல்காரர் ஒவ்வொருவரும் ஒரு நாள் மனைவியோடு வந்து முன்பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். காசில்லை. மற்றவர்கள் சமைப்பார்கள். எங்கள் முறை வந்தது. அன்ரி இரண்டு நாள் என்னை மேசையில் இருத்தி, வீட்டுக் கரண்டிகளைப் பரப்பி வைத்துப் பாடம் எடுத்தா. “வெளியில கிடக்கிறதில தொடங்கி உள்ளுக்கு வா பிள்ளை. கடைசியில ஒண்டு மிஞ்சினால் அது உன்ர பிழையில்லை, அவங்கள் கூட வைச்சிட்டாங்கள்.”

கூறைச் சேலை உடுத்தேன். கீழே பனிக்குப் போடுகிற கறுப்புச் சப்பாத்து. மாற்றுச் செருப்பைப் பையில் வைக்க மறந்துபோனேன். இவர் கலியாணத்துக்குத் தைத்த கோட்டும் ரையும். பச்சைக்கதவைத் திறந்து உள்ளே போனால், ஒவ்வொரு நாளும் இவரோடு ‘டேய்’ போட்டுக் கதைக்கிற வெயிற்றர், “குட் ஈவினிங் சேர், மடம்” என்று கதிரையை இழுத்துவிட்டான். ஒரு பக்கத்து உதட்டால் மட்டும் சிரித்தான். நான் சப்பாத்தைச் சேலைக்குள் ஒளிக்கிற அவசரத்தில் கதிரை வருகிறதற்கு முதலே உட்காரப் பார்த்தேன். அந்த இரவின் முதல் வெட்கம் அது. அது சின்னது.

சூப் வந்தது. பிறகு மீன். மீனுக்குப் பக்கத்தில் கிடந்த இலையை விலக்கினால் அதற்குக் கீழே பொரித்த மோர்மிளகாய் ஒன்று ஒளிந்திருந்தது! “பாலன்ர வேலை,” என்றார் இவர். எந்த அண்ணி சாப்பிட வந்தாலும் இலைக்குக் கீழே ஒன்று வைப்பது அவர்களுடைய வழக்கமாம். ஆசையாய்க் கடித்தேன். அந்த அமைதியான மண்டபத்தில் அது மொறுக்கென்று உடைந்த சத்தம் பக்கத்து மேசை வரைக்கும் கேட்டது. அங்கே இருந்த வெள்ளைக்கார அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தா. நல்ல சிரிப்பு. நானும் சிரித்தேன். நான் சிரித்துக்கொண்டே இவரைப் பார்க்கிறேன், இவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சரித்து, சமையற்கட்டின் ஆட்டுக்கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அது வெறும் கலகலப்பு. அவருக்கு அது வாசிக்கத் தெரிந்த எழுத்து. “கோப்பை கழுவுற ரெண்டு பேரும் வரேல்லைப் போல. பனி. மேல்மாடிக்குப் பெரிய கூட்டம் ஒண்டு வந்திருக்கு. பாலன் தனிய நிண்டு அடிபடுறான்,” என்றார்.

“அவர் பாப்பார். நீங்கள் சாப்பிடுங்கோ.”

“ஓம், ஓம்,” என்று முள்ளுக்கரண்டியை எடுத்தார், வைத்தார். உள்ளே எதுவோ விழுந்தது. “அஞ்சு நிமிசம். சொல்லிப்போட்டு வாறன்.”

போனார். கதவு இரண்டு தரம் ஆடி நின்றது.

வெயிற்றர் இறைச்சியைக் கொண்டுவந்து, இரண்டு பேருக்கும் வைத்தான். ஆளில்லாத கதிரைக்கு முன்னால் வாத்து ஆவி பறக்கிறது. என்னுடையதைச் சாப்பிட்டேன், வெளியிலிருந்து உள்ளுக்கு. இவருடையதை அப்படியே திருப்பி அனுப்பினால் முதலாளி ஏதும் நினைப்பானோ என்று பயம் வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, தட்டை மாற்றி வைத்து அதையும் சாப்பிட்டேன். பக்கத்து மேசை அம்மா அதையும் பார்த்தா. இந்த முறை சிரிக்கவில்லை, இரக்கப்பட்டா. அது மோர்மிளகாயைவிட உறைத்தது. அவ நினைத்திருப்பா, என்னை யாரோ கூட்டிக்கொண்டு வந்து கைவிட்டுவிட்டுப் போய்விட்டான் என்று.

கடைசி இனிப்பு வந்து உருகத் தொடங்கிய நேரம் கதவு திறந்தது. இவர் வந்தார். கோட்டைக் காணவில்லை. ரையைச் சட்டைப் பொத்தானுக்குள் சொருகியிருந்தார். முழங்கை வரைக்கும் ஈரம். முன்னால் வெள்ளை ஏப்ரன். முகத்தில் மட்டும், சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு சந்தோசம். கோவில் தேர் இழுத்துவிட்டு வருகிறவரின் முகம். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கியபடி எங்கள் மேசைக்கு வருகிற வழியில், அந்த வெள்ளைக்கார அம்மாவோடு இருந்த மனுசன் தன்னுடைய எச்சில் தட்டை எடுத்து இவரிடம் நீட்டினான். தண்ணீரும் கேட்டான்.

“யெஸ் சேர்,” என்று சொல்லி, தட்டை வாங்கிக்கொண்டு, இவர் வந்த வழியே திரும்பிப் போனார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சமையல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டதில் எனக்கு என்ன வெட்கம்? ஆனால் அந்த அம்மா இவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, எங்கள் மேசையில் ஆளில்லாத கதிரையைப் பார்த்தா. அவவுக்கு விளங்கியது. விளங்கியதும் அவ கணவனின் கையைப் பிடித்து மெல்ல ஏதோ சொன்னா. அந்த மனுசனும் காதுவரை சிவந்துபோனான். அந்த மூலையிலிருந்த எல்லாருக்கும் வெட்கம். தண்ணீர்ப் போத்தலோடு திரும்பி வந்தவருக்கு மட்டும் இல்லை.

பஸ் வோர்டன் வீதியைத் தாண்டியபிறகு சொன்னேன், “இனி நான் உங்களோட வெளியில சாப்பிட வரமாட்டன்.”

இவர் நிசமாய்ப் பயந்துபோனார். “ஏனப்பா, வாத்து இறுகிப்போச்சோ?”

இந்த மனுசனோடு எப்படிக் கோபித்துக்கொண்டிருப்பது, நீங்களே சொல்லுங்கள். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு கலியாண மண்டபச் சாப்பாடும் கொத்துரொட்டிப் பார்சலும்தான் எங்களுக்கு. மகள் தன் முதல் சம்பளத்தில் கூப்பிட்டபோதும் தட்டிக் கழித்தேன். இந்த முறை அவள் கேட்காமலே காசைக் கட்டிவிட்டாள்.

பச்சைக்கதவு இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. பாலன் பிறம்ரனில் லொறி ஓடி, பிறகு ஒஷாவாவில் வீடு வாங்கி, முழங்கால் நோவைப் பற்றி மட்டும் கதைக்கிற ஆளாகிவிட்டான். அன்ரி போய்ச் சேர்ந்துவிட்டா. அந்தக் காலத்தில் நகரத்தில் எந்த வெள்ளைக்காரச் சமையற்கட்டுக் கதவைத் தள்ளினாலும் உள்ளே ஒருத்தன் தமிழில் ஏசிக்கொண்டிருப்பான் என்று இவர் சொல்வார். போன கிழமை இவர் அந்தத் திறந்த அடுப்பை இமைக்காமல் பார்த்தது தட்டுகளுக்காக மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். பச்சை குத்திய கைகள், கறுப்பு ஏப்ரன்கள், மெல்லிய குரலில் ஆங்கிலம். ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை.

“எங்கட பெடியள் ஒருத்தரும் இல்லைப் போல,” என்றார். பிறகு கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

“இஞ்சாருங்கோ, இருங்கோ! மகளுக்கு என்ன சொல்லுறது?”

“ஒரு சொல்லு. அந்தப் பெடியனுக்குச் சொல்லிப்போட்டு வாறன். நல்ல கோப்பையள், வீணாய்ப் போகும்.”

அடுப்புக்கு முன்னாலிருந்த பலகை வரைக்கும் போனார். தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்ற இளைஞன் இவரைக் கண்டான். கையைத் துடைத்தான். இவர் வாய் திறக்க முதலே, மிக மரியாதையாக, வயதானவர்களிடம் கதைக்கிற உரத்த குரலில், வோஷ்றூம் கீழே இருக்கிறது சேர், படி கவனம் என்று சொல்லி, கையால் வழியையும் காட்டினான். மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார்கள். எல்லாரும் நல்ல பிள்ளைகள்.

இவர் அடுக்கியிருந்த தட்டுகளை ஒருதரம் பார்த்தார். பிறகு “தாங்க் யூ” என்று சொல்லி, அவன் காட்டிய பக்கம் திரும்பி, கைபிடியைப் பிடித்துப் படியிறங்கிப் போனார். அவருக்கு அந்த நேரம் அங்கே ஒரு தேவையும் இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இவரை எழும்ப விடாமல் வைத்திருக்க மகளும் நானும் போட்ட திட்டத்தை நினைக்க எனக்குக் கூசியது. மேசைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிக நேரம் எடுக்கவில்லை. சூப் மேசைக்கு வரவும், திரும்பி வந்து எனக்கு நேரே உட்கார்ந்தார்.

“பாத்றூம் நல்ல துப்பரவா வைச்சிருக்கிறாங்கள்,” என்றார். பிறகு வெள்ளைத் துணியை மடியில் விரித்து, கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்து, தலையை நிமிர்த்தாமல் சாப்பிடத் தொடங்கினார். கடைசி இனிப்பு வரைக்கும் சாப்பிட்டார்.